எங்கள் பக்கத்தில் ஓர் எழுத்துப் பெட்டி

கணனி என்றவுடன் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கணனி வகுப்பு அல்ல. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த பதினொரு பெண்கள் தங்களுக்கென்று ஓர் இணையத்தளம் செய்த கதை. அதிலும் முழுக் கதையையும் சொல்லப் போவதில்லை. அந்தத் தளத்தில் எழுத்தை வைப்பதற்கென்று இருக்கின்ற சின்னப் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லப் போகின்றேன். அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியே எங்களுக்கு மூன்று மாதம் போனது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் மீளக்குடியமர்ந்த ஒரு கிராமம். பதினொரு பேரும் ஒடியல் மா இடிப்பார்கள், மிளகாய்த்தூள் திரிப்பார்கள், பனையோலையில் பெட்டி இழைப்பார்கள், இரண்டு பேர் தையல். கனடாவில் இருக்கும் ஓர் அங்கத்தவரின் மச்சாள் தொலைபேசியில், "உங்கட சாமான் என்னென்ன, என்ன விலை எண்டு பார்க்க ஒரு வெப்சைற் இல்லையோ?" என்று கேட்டிருக்கிறா. பேஸ்புக்கில் படம் போட்டிருந்தோம்தான். ஆனால் அங்கே போடுவதெல்லாம் நாலு நாளில் கீழே போய்விடும். விலை கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டும். நிலையாக ஓரிடத்தில் நிற்கும் பக்கம் ஒன்று வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானித்து, பொறுப்பை என் தலையில் வைத்தார்கள். நான் சமூகவியல் படித்தவள். கணனி எனக்குக் கைவந்த கலை அல்ல. ஆனாலும் "மிஸ்சுக்குத் தெரியும்" என்று அவர்கள் சொன்ன பின்னர் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

கூகிள் சைட்ஸ் என்ற மென்பொருளைத் தெரிவு செய்தோம். காரணம் சுலபமானது, அதற்குக் காசு இல்லை. ஜீமெயில் கணக்கு ஒன்று இருந்தால் போதும். வேறும் பல மென்பொருட்கள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் பக்கம் செய்யும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். வெறும் தாளைப் போல ஒரு பக்கம் திறக்கும். அதில் படத்துக்கு ஓரிடம், எழுத்துக்கு ஓரிடம் என்று நாங்கள் வைத்துக்கொண்டு போக வேண்டும். எழுத்துக்கு வைக்கும் அந்த இடத்தைத்தான் எழுத்துப் பெட்டி என்கிறார்கள். பெட்டி இல்லாமல் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட வைக்க முடியாது.

பொதுநோக்கு மண்டபத்தில் மடிக்கணனியைச் சுற்றி எல்லோரும் குந்தியிருந்த முதல் நாள், பெட்டி இழைக்கும் அம்மா ஒருவர் கேட்டார். "இதென்ன பிள்ளை, பெட்டி பெட்டி எண்டுறாய். எங்கட கதையை உதுக்குள்ள போட்டு அடைக்கப் போறியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்துப் பெட்டியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது.

2013 ஆம் ஆண்டு எங்கள் அம்மம்மா காலமானபோது முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடித்தோம். கொமினிக்கேசன் ஒன்றில் இருந்து வேர்ட்டில் நானே ரைப் செய்தேன். அழகாக இருக்கட்டும் என்று பூங்கொடிக் கரைக்கு நடுவே ஓர் எழுத்துப் பெட்டி வைத்து, அதற்குள் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்களைப் போட்டேன். பெட்டி அளவு மாறாமல் நின்றது. எழுத்து நிரம்பியதும் மிச்சம் பெட்டியின் அடிக்குள் மறைந்துவிட்டது. அழியவில்லை, உள்ளேதான் இருந்தது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை, அச்சடித்தவரும் கவனிக்கவில்லை. இருநூறு பிரதி வந்தது. கடைசி வரியில் இருந்தவை என் சின்னம்மாவின் இரண்டு பிள்ளைகளின் பெயர்கள். 2009 இல் எங்களோடு மாத்தளன் மட்டும் வந்து, அதற்கப்பால் வராத பிள்ளைகள். சின்னம்மா அந்தப் பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, மறுபக்கத்தில் இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு நானும் தம்பியும் இருந்து இருநூறிலும் பேனையால் எழுதினோம்.

ஆகவே வேர்ட்டில் அழைப்பிதழோ நோட்டீசோ செய்கின்ற பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகின்றேன். எழுத்துப் பெட்டியின் அளவு தானாகப் பெருக்கும்படி அதற்குள் ஓர் ஏற்பாடு உண்டு. பெட்டியின் கரையில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் அதைத் தேடி எடுக்கலாம். எடுக்காவிட்டால் அச்சடிக்க முன்னர் கடைசிச் சொல் தெரிகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

கூகிள் சைட்ஸில் உள்ள பெட்டி அப்படி மறைக்காது. அகலத்தை நாங்கள் தீர்மானிக்கலாம், உயரம் எழுத எழுதத் தானாக வளரும். இதை நான் என் பாஷையில் விளங்கப்படுத்தப் பார்த்துத் தோற்றுப் போனேன். பெட்டி இழைக்கும் அம்மாதான் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார். "ஓலைப்பெட்டி மாதிரித்தான். அடியை எவ்வளவு அகலத்துக்குப் போடுறமோ அதுதான் அகலம். பேந்து மேல மேல இழைச்சுக்கொண்டு போனால் உயரும்." அதற்குப் பிறகு அகலம் மாற்றுவதை எல்லோரும் "அடி போடுறது" என்றே சொன்னார்கள். இன்றைக்கும் எங்களுக்குள் அதுதான் சொல்.

வேலை இவ்வளவுதான். பக்கத்தில் வெறுமையான இடத்தில் இரண்டு தரம் அழுத்தினால் வட்டமாகச் சில அடையாளங்கள் வரும். அதில் எழுத்துக்குரியதைத் தொட்டால் பெட்டி வந்துவிடும். உள்ளே எழுத்து. இரண்டு கரையிலும் நீல நிறத்தில் சின்னப் புள்ளிகள் தெரியும், அவற்றைப் பிடித்து இழுத்தால் அகலம் கூடும், குறையும். பெட்டியின் மேற்பக்கத்தில் பிடித்து இழுத்தால் பெட்டி முழுவதும் இடம் மாறும். தலைப்பு எழுத்து, சாதாரண எழுத்து என்று அளவுகள் ஆயத்தமாக இருக்கின்றன. பிழை விட்டால் பின்னால் போகலாம், ஒன்றும் கெட்டுப் போகாது. "வெளியிடு" என்ற பொத்தானை அழுத்தும் வரைக்கும் வெளியில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இந்தக் கடைசி விசயத்தைச் சொன்ன பிறகுதான் எங்கள் பெண்களின் கை மவுஸில் தைரியமாகப் போனது. பிழை விட்டால் யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் பள்ளிக்கூடம் இடையில் நின்றுபோன எல்லோருக்கும் இருக்கிறது.

பெட்டியின் அகலத்தைக் குறுக்கி மூன்று பெட்டிகளைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்தால் அழகாக இருக்கும் என்று நான் நினைத்தேன். ஆங்கிலப் பக்கங்களில் அப்படித்தானே இருக்கிறது. ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "அபிவிருத்திச்சங்கத்தினூடாக" என்று சேர்த்து எழுதினால் ஒடுங்கிய பெட்டிக்குள் அது நடுவில் முறியும், அல்லது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு கரையும் நேராக வரட்டும் என்று ஒழுங்குபடுத்தினால் சொற்களுக்கிடையில் பல்லு விழுந்தது போல இடைவெளி வரும். இடது கரையை மட்டும் நேராக விட்டு, அகலமான பெட்டியில், சின்னச் சின்னச் சொற்களாக எழுதுவதுதான் சரி. இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அலுவலக அறிக்கைகளில் நான் பழகிய நீண்ட சொற்கள் எல்லாம் தாமாகவே விழுந்துபோயின.

அடுத்து வந்தது விலைப்பட்டியல். எங்கள் சங்கத்தின் பழைய விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் ரைப் செய்யப்பட்டது. எங்கள் பகுதிகளில் ரைப்பிங் பழகியவர்கள் அநேகர் பாமினிதானே. அதைப் பிரதி பண்ணிப் பெட்டிக்குள் ஒட்டியதும் தமிழ் முழுவதும் காணாமல் போய் ஆங்கில எழுத்துகளாக நின்றன. "அம்மா" என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். இதற்குக் காரணம் உண்டு. பாமினியில் கணனியின் மனதில் இருப்பது ஆங்கில எழுத்துத்தான். அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. போர்வை இல்லாத இடத்துக்குப் போனால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். யுனிகோட்டில் அப்படி இல்லை. அதில் ஒவ்வோர் எழுத்து முறைக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. தமிழுக்கு 1991 இலிருந்தே இடம் உண்டு. அதில் எழுதினால் எந்தத் தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

நான் அன்று அவசரப்பட்டேன். திரும்ப ரைப் செய்யப் பஞ்சிப்பட்டு, விலைப்பட்டியலைப் படமாக எடுத்து, படமாகவே பக்கத்தில் வைத்துவிட்டேன். பார்க்க வடிவாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் பொருளாளர் மட்டும் தட்டவில்லை.

அவவுக்கு 2009 இல் செல் விழுந்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டது. சங்கத்தின் கணக்கு முழுவதும் அவவின் நினைவில்தான் இருக்கிறது. யார் எத்தனை கிலோ கொடுத்தார்கள், எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கொப்பி பார்க்கும் எங்களை விடத் திருத்தமாகச் சொல்லுவா. திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் வசதி அவவின் தொலைபேசியில் இருக்கிறது. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் அது இலவசமாகவே வருகிறது. அவ எங்கள் பக்கத்தைத் திறந்து விரலால் தடவிக்கொண்டு போனா. தலைப்பை வாசித்தது. ஒடியல் மா பற்றி எழுதியதை வாசித்தது. விலைப்பட்டியலுக்கு வந்ததும் "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றது.

"விலை எல்லாம் எங்க மிஸ்?" என்று கேட்டா.

படத்துக்குள் இருக்கும் எழுத்தை அந்த வசதி வாசிக்கவில்லை. பெட்டிக்குள் ரைப் செய்த எழுத்தைத்தான் வாசித்தது. கண் தெரியாத சகோதரிகள், கண் மங்கிய அம்மாமார், எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் எங்களிடையே எத்தனை பேர்! ஒரு பெண்கள் சங்கத்தின் விலைப்பட்டியல் அதே சங்கத்தின் பொருளாளருக்குத் தெரியாமல் இருப்பது எப்படிச் சரியாகும்? அன்றிரவே பாமினியை யுனிகோட்டாக மாற்றித் தரும் மாற்றி ஒன்றில் போட்டு மாற்றினேன். இணையத்தில் இலவசமாகப் பல இருக்கின்றன. அரைகுறையாகச் சில எழுத்துகள் பிசகும், இருந்து திருத்த வேண்டும். அடுத்த நாள் அவ முழுப் பட்டியலையும் கேட்டுவிட்டு, மிளகாய்த்தூள் அரைக்கிலோ விலை பிழை என்றா. பிழைதான். பத்துப் பேர் கண்ணால் பார்த்தும் பிடிபடாத பிழை. (படங்களுக்கும் இரண்டு சொல்லில் விளக்கம் எழுதி வைக்கும் வசதி உண்டு. எழுதினால் "படம்" என்பதற்குப் பதிலாக அந்த விளக்கத்தை வாசிக்கும்.)

ரைப் பண்ண முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. எங்கள் அங்கத்தவர் ஒருவருக்கு வலது கையில் விரல்கள் இல்லை. தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையை எடுத்து, ஒலிவாங்கி அடையாளத்தை அழுத்திப் பேசினால் பேச்சு எழுத்தாக வரும். மொழித் தெரிவில் தமிழ், இலங்கை என்று தனியாகவே உண்டு. அவ சொன்ன "ஒடியல்" முதல் தரம் "ஓடியல்" என்றும், இரண்டாம் தரம் "ஓடி வா" என்றும் வந்தது. மூன்றாம் தரம் கோபத்தில் கத்திச் சொன்னா, சரியாக வந்தது! வேறிடத்தில் எழுதியதைக் கொண்டுவந்து பெட்டிக்குள் ஒட்டும்போது, கொன்றோல், சிவ்ற், வீ மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய இடத்து நிறமும் அளவும் சேர்ந்து வந்து பக்கம் கந்தல் சேலை மாதிரி ஆகிவிடும்.

இனிப் பெட்டிக்குள் என்ன எழுதுவது என்ற கதைக்கு வருகின்றேன். எங்களுக்கு அதிக நாள் எடுத்தது இதுதான்.

பக்கத்தின் தொடக்கத்தில் "நாங்கள் யார்" என்று ஒரு பெட்டி. எங்களுக்குப் பொதி ஒட்டும் இயந்திரம் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு நிறுவனத்தின் அலுவலர் அந்தப் பெட்டிக்கென்று இரண்டு பந்தி ஆங்கிலத்தில் எழுதி, தமிழாக்கத்தோடு அனுப்பியிருந்தார். நல்ல மனதோடுதான் அனுப்பினார். யுத்தத்தில் கணவரைப் பறிகொடுத்த விதவைகளின் கண்ணீர் என்று அது தொடங்கியது. நான் அதை அப்படியே பெட்டிக்குள் ஒட்டி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வரி முடிய முன்னரே ஓர் அக்கா எழுந்து வெளியே போய்விட்டா. அவவின் கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு காணாமல் போனவர். அவ இன்னும் பொட்டு வைக்கிறா.

பதினொரு பேரை எண்ணிப் பார்த்தோம். கணவர் இறந்தவர்கள் நாலு பேர். கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் மூன்று பேர். கணவர் காயப்பட்டு வீட்டோடு இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் மணம் முடிக்கவே இல்லை. இன்னொருவரைக் கணவர் விட்டுப் போனார், அதற்கும் யுத்தத்துக்கும் தொடர்பில்லை, குடிதான் காரணம். இத்தனை பேரையும் ஒரே சொல்லுக்குள் போட்டிருந்தது அந்தப் பந்தி. பல்கலைக்கழகத்தில் நாங்கள் வகைப்படுத்தல் என்று ஒரு பாடம் படித்தோம். பயனாளி, பாதிக்கப்பட்டவர், பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று நானே எத்தனை படிவங்களில் எழுதியிருப்பேன். எழுதப்பட்டவர் அதைக் கேட்டுக்கொண்டு முன்னால் இருக்கும்போது எழுந்து போன முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

பெட்டியை வெறுமையாக்கினோம். ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். சண்டையைப் பற்றி எழுதுவதா விடுவதா என்பதில் இரண்டு பின்னேரம் வாக்குவாதம். "எழுதினால் பாவம் பார்த்து வாங்குவினம். எங்கட மா நல்லது எண்டு வாங்கோணும்" என்றா தையல் அக்கா. "ஒண்டுமே எழுதாட்டில் அதுவும் பொய்தானே பிள்ளை" என்றார் பெட்டி இழைக்கும் அம்மா. கடைசியில் எழுதியது இது:

நாங்கள் ஒரே கிராமத்துப் பெண்கள் பதினொரு பேர். 2009 இற்குப் பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்து இந்த வேலையைத் தொடங்கினோம். தை மாசியில் பனங்கிழங்கு கிண்டி, பிளந்து, வெயிலில் காயவைத்து ஒடியல் மா இடிக்கிறோம். சரக்கு வறுத்துச் சேர்த்து மிளகாய்த்தூள் திரிக்கிறோம். ஓலைப்பெட்டி நீங்கள் கேட்கும் அளவில் இழைத்துத் தருவோம். தையல் இரண்டு கிழமையில் முடியும். மழைக் காலத்தில் ஒடியல் மா தர முடியாது.

கடைசி வசனம் வியாபாரத்துக்குக் கூடாது என்று நான் சொன்னேன். "இல்லாததை இல்லை எண்டு சொன்னால்தான் இருக்கிறதை நம்புவினம்" என்று என்னை அடக்கிவிட்டார்கள். நிறுவன அலுவலர் வாசித்துவிட்டு, இது மனதைத் தொடாது என்றார். பொதி ஒட்டும் இயந்திரம் சொன்ன திகதியை விட ஆறு மாதம் பிந்தி வந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. வந்தது, இப்போது வேலை செய்கிறது.

பக்கத்தை வெளியிட்டதும் முதல் தொலைபேசி கனடா மச்சாளிடமிருந்து. சிரிப்புத் தாங்க முடியவில்லை அவவுக்கு. "என்னடி, சேலையை இடிச்சு மாவாக்கி விக்கிறியளோ?" மூன்று படங்களை ஒரு வரிசையில் வைத்து, அவற்றுக்குரிய எழுத்துப் பெட்டி மூன்றையும் அதற்குக் கீழே இன்னொரு வரிசையில் வைத்திருந்தோம். கணனியில் பார்த்தால் சரி. தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கப்படும். ஆகவே மூன்று படமும் முதலில் வந்து, தைத்த சேலைச் சட்டைப் படத்துக்கு நேர் கீழே "ஒடியல் மா, கல் மண் இல்லாமல் அரித்தது" என்று வந்துவிட்டது. படமும் அதன் கீழே எழுத்துப் பெட்டியும் சேர்ந்தே வரும் ஆயத்த அமைப்புகள் அந்த மென்பொருளிலேயே இருக்கின்றன. அவற்றை எடுத்து வைத்தபின் சோடி பிரியவில்லை. வெளியிட முன்னர் தொலைபேசியில் எப்படித் தெரியும் என்று காட்டும் முன்பார்வை ஒன்றும் உண்டு. எங்கள் வாடிக்கையாளர் எல்லோரும் தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். நாங்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

இன்னொரு பிழை சிரிப்புக்குரியது அல்ல. தொடர்புக்கென்று வைத்த பெட்டியில் தையல் அக்காவின் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைப் போட்டுவிட்டோம். மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு முகந்தெரியாதவர்களின் அழைப்புகள் தொடங்கின. தனியே பிள்ளைகளோடு இருக்கும் வீடு. மென்பொருளில் இலக்கத்தை அழிக்க ஒரு நிமிடம் போதும். ஏற்கெனவே பார்த்துக் குறித்துவைத்தவர்களிடமிருந்து அழிக்க முடியாது. அவ இலக்கத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது சங்கத்துக்கென்று தனி சிம் ஒன்று, பகலில் மட்டும் திறந்திருக்கும் தொலைபேசி ஒன்று. பெட்டியில் வீட்டு விலாசம் இல்லை, முகம் தெரியும் படங்களுக்கு அவரவரிடம் தனித்தனியே கேட்டுத்தான் போட்டோம். வேண்டாம் என்ற மூன்று பேரின் கைகள் மட்டும் ஓலையோடு இருக்கின்றன.

பெட்டியில் இன்னொரு வகை உண்டு. நாங்கள் எழுதி வைக்கும் பெட்டி அல்ல, பார்க்க வருபவர் நிரப்பிவிட்டுப் போகும் பெட்டி. படிவம். கூகிள் படிவத்தைச் செய்து பக்கத்தில் பொருத்தலாம். ஒரு வரி மட்டும் எழுதும் சின்னப் பெட்டி, பந்தியாக எழுதும் பெரிய பெட்டி என்று இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் "கட்டாயம்" என்று ஓர் ஆழி. அதைப் போட்டுவிட்டால் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வரும். நிரப்பாமல் அனுப்ப முடியாது.

புதிதாகத் தையல் பழக விரும்பும் பெண்களைப் பதிவதற்கு இப்படி ஒரு படிவம் செய்தேன். அலுவலகத்துப் பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே செய்தேன். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், கணவரின் பெயர், கணவரின் தொழில். எல்லாவற்றுக்கும் கட்டாயம் என்ற ஆழியைப் போட்டேன். நானேதான் போட்டேன், யாரும் சொல்லவில்லை. மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எத்தனை படிவங்களின் முன்னால் எங்கள் அம்மா பேனையோடு விறைத்துப்போய் நின்றிருப்பா. அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான்.

பதிவுகள் ஓர் அட்டவணையாக வந்து சேரும். பத்தொன்பது பெண்கள் பதிந்திருந்தார்கள். கணவரின் தொழில் என்ற நிரலில் ஐந்து பேருக்கு ஒரு முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது. முதலில் கணனிப் பிழை என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. நட்சத்திரம் போட்ட பெட்டி வெறுமையாக இருந்தால் போகவிடாது. "கூலி" என்று எழுதினால் எங்கே என்று கேட்பார்கள். "இல்லை" என்று எழுதினால் அவரே இல்லை என்று ஆகிவிடும். ஆகவே ஒரு புள்ளி. 2016 இல் வந்த சட்டத்தின்படி, இறந்ததாகப் பதியாமல் ஆளைக் காணவில்லை என்றே பதிந்து சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அரசாங்கமே அப்படி ஒரு நிலை உண்டு என்று ஏற்றுக்கொண்ட பின்னரும் என் படிவத்தில் அதற்கு ஓரிடம் இருக்கவில்லை.

அந்த இரண்டு பெட்டிகளையும் அழித்தேன். தையல் பழகுவதற்குக் கணவரின் தொழில் எதற்கு? பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறார்களா, எந்த நேரத்தில் வகுப்பு வைத்தால் வர முடியும் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது. ஆகவே "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், எந்த நேரம் வசதி" என்று ஒரு பெரிய பெட்டி வைத்தேன். கட்டாயம் இல்லை, விரும்பினால் எழுதலாம். முதற்படிவத்தை நிரப்பியவர்களையும் மீண்டும் நிரப்பச் சொன்னோம்.

புள்ளி வைத்த ஐந்து பேரில் ஒருவர் இம்முறை எழுதியிருந்தா: "நான், மகள், மாமி. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு வரலாம். அவர் வந்தால் நாலு பேர்."

வகுப்பை இரண்டரை மணிக்கு வைத்தோம்.

உங்கள் சங்கத்திலும் இப்படி ஒரு பக்கம் செய்ய விரும்பினால், ஒரு மடிக்கணனியும் இரண்டு பின்னேரமும் போதும். திருத்தும் வேலைக்குத் தொலைபேசியின் சின்னத் திரை சரிப்பட்டு வராது, பாடசாலையிலோ நூலகத்திலோ கணனி கேட்டுப் பாருங்கள். கணனியைத் திறக்க முன்னர் "நாங்கள் யார்" என்ற பெட்டிக்குரிய ஐந்தாறு வசனங்களைக் கொப்பியில் எழுதி, எல்லோருக்கும் உரத்து வாசித்துக் காட்டுங்கள். யாரும் எழுந்து வெளியே போகாவிட்டால் அதைக் கொண்டுபோய் ரைப் பண்ணலாம்.